மின்னஞ்சல் சேவையகங்களுக்கு ஐபி முகவரித் தடை

மின்னஞ்சல் சேவையகங்களுக்கு ஐபி முகவரித் தடை விதித்தல் என்பது, அஞ்சலைப் பெறும் சேவையகம், அதைக் கொண்டுவந்த சேவையகத்தின் ஐபி முகவரியை மட்டும் நோக்கி, அஞ்சலின் பொருளையோ எழுதியவரின் பெயரையோ ஆராயாமலே வாசலில் மறுத்துவிடும் வழக்கமாகும். 1990களின் பிற்பகுதியில் குப்பை அஞ்சல் பெருகியபோது தற்காப்பு உபாயமாகத் தோன்றிய இவ்வழக்கம், இன்று பெரிய அஞ்சல் நிலையங்கள் பலவற்றில் ஏதாவதொரு வடிவில் நிலைபெற்றிருக்கிறது. ஆயினும், ஓர் ஐபி முகவரியைப் பலர் பங்கிட்டுக்கொள்வதும், இன்று ஒருவரிடமிருந்த முகவரி நாளை வேறொருவரிடம் போய்ச் சேர்வதும் சாதாரணமாகிவிட்ட இக்காலத்தில், முகவரியைக் கொண்டு நல்லவரையும் தீயவரையும் பகுத்தறிவது இன்னும் சாத்தியந்தானா என்ற வினா எழுந்துள்ளது. சொந்தச் சேவையகம் வைத்து அஞ்சல் நடத்தும் சிறு நிறுவனங்களுக்கும் சங்கங்களுக்கும், அவை ஈப்போவில் இருந்தாலும் இலண்டனில் இருந்தாலும், இது தங்கள் கடிதம் போய்ச் சேருமா சேராதா என்ற காரியமே ஆகும்.

முறையின் அமைப்பு

அஞ்சல் பரிமாற்றத்துக்கு அடிப்படையான எஸ்.எம்.டி.பி. நெறிமுறையை ஜான் போஸ்டல் 1982இல் ஆர்.எஃப்.சி. 821 என்னும் ஆவணமாக எழுதியபோது, வலையில் இருந்தவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தாரும் ஆராய்ச்சி நிலையத்தாருமே; அவர்களுள் ஒருவர் பெயரால் மற்றொருவர் கடிதம் விடுப்பார் என்ற சந்தேகத்துக்கு அந்நெறிமுறை இடம் வைக்கவில்லை. அனுப்புநர் தம் பெயரென்று எதைச் சொன்னாலும் பெறும் சேவையகம் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளும். பெயர் பொய்யாகலாம், களப்பெயர் பொய்யாகலாம், தேதியும் பொருள்வரியுங்கூடப் பொய்யாகலாம். ஐபி முகவரியை மட்டும் அவ்விதம் பொய்யாகச் சொல்லி அஞ்சல் நடத்த இயலாது. ஏனெனில் இரு சேவையகங்களும் ஒன்றுக்கொன்று மறுமொழி கூறிக்கொண்டாலன்றி இணைப்பே ஏற்படாது, பொய் முகவரி கூறியவனுக்கோ அந்த மறுமொழி போய்ச் சேராது. கடிதத்தின் ஒரு சொல்லும் வந்தடையாத அந்தக் கணத்தில் பெறுபவர் கையிலுள்ள நம்பத்தக்க சாட்சி முகவரி ஒன்றே என்பதுதான் இம்முறைக்குப் பிறப்பளித்த நியாயம். இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் அந்த நியாயம் கெட்டுவிடவில்லை.

தடைப்பட்டியல்கள் டி.என்.எஸ். என்னும் பெயர்த் தேடல் முறையையே வாகனமாகக் கொண்டு வழங்கப்படுகின்றன. 192.0.2.25 என்ற முகவரியிலிருந்து ஒரு சேவையகம் வந்து கதவைத் தட்டினால், பெறும் சேவையகம் அவ்வெண்களைத் தலைகீழாக்கி 25.2.0.192 என அமைத்து, அதன் பின்னே பட்டியலின் களப்பெயரைச் சேர்த்து, அப்படியொரு பெயர் உண்டா என்று வினவும். பட்டியலில் அம்முகவரி இருந்தால் 127.0.0.2 போன்றதொரு விடை வரும். இல்லையேல் அப்பெயர் இல்லை என்ற விடை வரும். இவ்வழக்கம் 2010இல் ஆர்.எஃப்.சி. 5782 என்னும் ஆவணத்தில் விவரிக்கப்பட்டது. ஒரு வினா, ஒரு விடை, ஒரு நொடியின் சிறு பகுதி, இவ்வளவே செலவு. கடிதம் முழுவதையும் வாங்கி, இணைப்புகளைப் பிரித்து, சொல் சொல்லாக எடைபோடும் வடிகட்டிக்கு ஆகும் கணினி உழைப்பு இதைப்போல் பன்மடங்கு. கஸ்பர்ஸ்கி நிறுவனத்தின் கணக்குப்படி 2023இல் உலக மின்னஞ்சலில் 45.6 விழுக்காடு குப்பை அஞ்சலாக இருந்தது என்பதை நினைத்தால், அதில் பெரும் பங்கை வாசலிலேயே திருப்பிவிடுவதால் உண்டாகும் லாபம் விளங்கும்.

பட்டியல்கள் எல்லாம் ஒரே குற்றச்சாட்டைச் சொல்பவை அல்ல என்பதைச் சேவையக நிர்வாகிகளே பலமுறை மறந்துவிடுகிறார்கள். ஸ்பாம்ஹவுஸ் ஸ்தாபனத்தின் பட்டியல்களில் எஸ்.பி.எல். என்பது குப்பை அஞ்சலாளரின் முகவரிகளையும், எக்ஸ்.பி.எல். என்பது நச்சுநிரல் புகுந்து பிறர்வசமான கணினிகளின் முகவரிகளையும் கொண்டது. பி.பி.எல். என்பதோ வேறுவகை, வீட்டு இணைப்புகளுக்கு ஒதுக்கப்பட்ட, நேராக அஞ்சல் அனுப்பக்கூடாதவை என்று கருதப்படும் முகவரிகளின் தொகுப்பு அது. அதில் ஒரு முகவரி இருப்பதால் அதன் சொந்தக்காரர்மேல் எந்தக் குற்றமும் சாற்றப்படவில்லை. ஆயினும் பெறும் பக்கத்தில், தன் சொந்த வாடிக்கையாளர் கடவுச்சொல் காட்டி நுழைந்து அஞ்சல் ஒப்படைக்கும் 587ஆம் வாயிலிலும் இதே பட்டியலைப் பொருத்திவிடும் நிர்வாகி, வீட்டிலிருந்து கடிதம் அனுப்பும் தம் வாடிக்கையாளர் அனைவரையும் தாமே வெளியே நிறுத்தியவராகிறார். இது பட்டியலின் தோஷமன்று, பிரயோகத்தின் தோஷம்.

வரலாறு

1997இல் அமெரிக்காவில் பால் விக்ஸி தொடங்கிய ஆர்.பி.எல். என்ற பட்டியலே இவ்வகையில் முதலாவது. தொடக்கத்தில் அது அஞ்சலை மட்டும் மறுக்கவில்லை. வலைப்பாதை அறிவிப்புகளின் வழியே பரப்பப்பட்டு, பட்டியலிலுள்ள முகவரியோடு எவ்விதத் தொடர்பும் இல்லாதபடி துண்டித்துவிட்டது. பெயர்த் தேடல் முறைக்கு மாறியபின்தான் சிறு சேவையகங்களும் எளிதாகப் பயன்படுத்தத்தக்கதாக ஆயிற்று. 1998இல் ஸ்டீவ் லின்ஃபோர்டு இலண்டனில் ஸ்பாம்ஹவுஸைத் தொடங்கினார். அக்காலத்தில், யார் எதைக் கொடுத்தாலும் வாங்கி முன்னனுப்பும் திறந்த சேவையகங்களே குப்பை அஞ்சலுக்குப் பெரிய வழியாக இருந்தமையால், அத்தகையவற்றைத் தாமாகவே சோதித்துப் பட்டியலிட்ட நியூசிலாந்தின் ஆர்ப்ஸ் போன்ற முயற்சிகளும் எழுந்தன. வழக்குகளுக்குப் பின் 2001இல் ஆர்ப்ஸ் மூடப்பட்டது.

முகவரியைத் தடுப்பதன் சக்தி என்ன என்பதை 2008 நவம்பர் 11ஆம் நாள் உலகம் கண்டது. கலிஃபோர்னியாவில் இருந்த மெக்கோலோ என்ற சேவையக நிறுவனத்துக்கு இணைப்பு வழங்கியோர் அதைத் துண்டித்த அன்றே, உலகெங்கும் குப்பை அஞ்சலின் அளவு பாதியோ அதற்கும் மேலோ சரிந்தது. குற்றம் ஓரிடத்தில் குவிந்திருந்த காலம் அது. குவிந்த இடத்தை அடைத்தால் பலன் உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

அதே ஆண்டு மார்ச் 25ஆம் நாள் இதன் மறுபக்கமும் வெளிப்பட்டது. ஓ.ஆர்.டி.பி. என்ற பட்டியல் 2006 டிசம்பரிலேயே மூடப்பட்டதாக அறிவித்திருந்தும், எத்தனையோ சேவையகங்கள் அதை வினவிக்கொண்டே இருந்தன. அந்த நாளில் அது எந்த முகவரியைக் கேட்டாலும் பட்டியலில் உண்டு என்று விடைகூறத் தொடங்கியது. நிர்வாகிகள் ஆண்டுக்கணக்கில் திரும்பிப் பாராத அமைப்புக் கோப்பின் ஒரு வரி, அவர்களுக்கு வந்த கடிதங்கள் அனைத்தையும் திருப்பி அனுப்பியது. சார்ப்ஸ் என்ற பழைய பட்டியல் 2024 ஜூனில் நின்றது. ஆகவே, இன்றும் தன் சேவையகத்தில் எந்தெந்தப் பட்டியல்கள் குறிக்கப்பட்டுள்ளன என்று ஒருமுறை பார்த்துவிடுவது ஒவ்வொரு நிர்வாகிக்கும் நலம்.

நீதிமன்றங்களும் இவ்விஷயத்தில் தலையிட்டன. அமெரிக்காவின் ஈ360 என்ற நிறுவனம், தன்னைக் குப்பை அஞ்சலாளர் எனப் பட்டியலிட்டதற்காக ஸ்பாம்ஹவுஸ்மீது தொடுத்த வழக்கில், ஸ்பாம்ஹவுஸ் தொடர்ந்து வாதாடாமையால் 2006இல் ஒரு கோடியே 17 லட்சம் டாலருக்கும் மேலான இழப்பீடு விதிக்கப்பட்டது. மேல்முறையீடுகளின் முடிவில் 2011இல் அது மூன்று டாலராகக் குறைக்கப்பட்டது.

மலேசியாவும் பேராக்கும்

மலேசியாவில் மின்னஞ்சல் 1987இல் மிமோஸ் நிறுவனத்தின் ராங்கோம் வலையோடு தொடங்கிற்று. 1992இல் ஜாரிங் வழியே இணையம் வந்தது. 1996இல் டெலிகாம் மலேசியாவின் டிஎம்நெட் சேர்ந்துகொண்டது. ஆகவே பல்லாண்டுகள்வரை இந்நாட்டு இணையப் பயனர்களுள் பெரும்பாலோர் இவ்விரு சேவையாளரின் முகவரித் தொகுதிகளுக்குள்ளேயே அடங்கியிருந்தனர். ஈப்போவின் வணிகரும், தெலுக் இந்தானின் ஆசிரியரும், கோலாலம்பூரில் எவரோ கவனியாது விட்ட நச்சுநிரல் புகுந்த கணினியும், வெளியுலகின் கண்ணுக்கு ஒரே தொகுதியின் எண்களாகவே தோன்றினர்.

இதன் விளைவு 2000த்தின் தொடக்க ஆண்டுகளில் தெரிந்தது. குப்பை அஞ்சலால் சலிப்புற்ற மேலைநாட்டு நிர்வாகிகளுக்காகப் பிளாக்ஹோல்ஸ்.யுஎஸ் என்ற சேவை நாடுவாரியான தடைப்பட்டியல்களை வழங்கியது. சீனா, கொரியா, நைஜீரியா, தாய்லாந்து, சிங்கப்பூர் ஆகியவற்றோடு மலேசியாவுக்கும் அதில் தனிப்பட்டியல் இருந்தது. அதைப் பொருத்திக்கொண்ட சேவையகத்துக்கு மலேசியாவின் எந்த நேர்மையான கடிதமும் போய்ச் சேராது. அனுப்பியவர் செய்த பிழை, மலேசியாவில் இருந்து அனுப்பியது ஒன்றே. தமக்கு மலேசியாவிலிருந்து எவரும் எழுதப்போவதில்லை என்று ஒரு நிர்வாகி எண்ணலாம். ஆனால் அவருடைய சேவையகத்தில் அஞ்சற்பெட்டி வைத்திருப்போர் ஒவ்வொருவர் சார்பிலும் அந்த முடிவைச் செய்ய அவருக்கு உரிமை ஏது? ஸ்பியூஸ் என்ற மற்றொரு பட்டியல், குப்பை அஞ்சலாளரை வெளியேற்றாத சேவையாளரின் அயல் முகவரிகளையும் வேண்டுமென்றே சேர்த்துக்கொண்டே போயிற்று. குற்றமற்ற வாடிக்கையாளர் படும் துன்பம் சேவையாளரை நெருக்கித் திருத்தும் என்பது அதன் கொள்கை.

இக்கொள்கையின் தன்மையை, ஈப்போவைத் தலைநகராகக் கொண்ட பேராக் மாநில மக்களுக்கு விளக்கவேண்டியதில்லை. கம்யூனிஸ்டு கிளர்ச்சிக்கு எதிரான மலாயா அவசரகாலத்தின்போது, 1952 மார்ச் 25ஆம் நாள் தஞ்சோங் மாலிம் அருகே பன்னிருவர் கொல்லப்பட்டதன் பின், ஹை கமிஷனர் ஜெரால்டு டெம்ப்ளர் அவ்வூருக்கு நேரில் வந்து, நாளொன்றுக்கு 22 மணி நேர ஊரடங்கு விதித்து, அரிசிப் பங்கீட்டையும் குறைத்தார். குற்றவாளியை அறிந்தவர் சொல்லாதிருக்கிறார்கள் என்பதற்காக, அறியாதவரும் குழந்தைகளும் பசித்திருக்க வேண்டியதாயிற்று. மனித உயிரும் பசியும் சம்பந்தப்பட்ட அந்த நிகழ்ச்சியை ஒரு மின்னஞ்சல் மறுக்கப்படுவதோடு அளவில் ஒப்பிடல் தகாது. எனினும், இடத்தைக் கொண்டு ஆளைத் தண்டிக்கும் முறை எங்கே கையாளப்பட்டாலும், முதலில் வருந்துபவர் குற்றமற்றவரே என்ற உண்மை இரண்டிலும் ஒன்றே.

முகவரி ஒன்று எத்தனை பேரை மறைக்கிறது என்பதை அறிய ரப்பர்த் தோட்டத்தை நினைத்துப் பார்க்கலாம். சுங்கை சிப்புட், கோலகங்சார், பீடோர், தாப்பா வட்டாரங்களில் லயங்கள் என்னும் தொடர்வீடுகளில் வாழ்ந்த நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்குக் கடிதம் எழுதுவோர், பெயரையும் டிவிஷனையும் குறித்து, தோட்டத்தின் பெயரையே முகவரியாக இட்டனர். தபால் அனைத்தும் தோட்ட ஆபீசுக்கு வந்து, கிராணி என்னும் எழுத்தரின் கையால் பிரிந்து சென்றது. வெளியிலிருந்து நோக்குபவருக்கு அத்தனை குடும்பமும் ஒரே முகவரி. பின்னர்த் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது, அதைத் தடுக்கும் பொருட்டு, அந்நாளில் தபால் தந்தித் துறையையும் கவனித்துவந்த அமைச்சரும் சுங்கை சிப்புட்டில் பிறந்தவருமான துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். ஆயினும் எத்தனையோ தோட்டங்கள் கைமாறின, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் போயின, அங்கே வாழ்ந்தவர் நகர ஓரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். தோட்டத்தின் பெயர் பலகையில் நிலைத்திருக்க, அந்தப் பெயரில் வாழ்ந்தவர் மாறிவிட்டனர். இன்று வாடகைச் சேவையகத்தின் ஐபி முகவரியும் அப்படித்தான். நேற்று ஒருவன் அதை வாடகைக்கு எடுத்துக் குப்பை அஞ்சல் பரப்பி, பட்டியலில் ஏறியவுடன் கைவிட்டுப் போனான்; இன்று அதே எண் ஈப்போவின் ஏதோவொரு சங்கத்தின் சேவையகத்துக்குக் கிடைக்கிறது; முன்னவனின் வினைப்பயனைப் பின்வந்தவர் அனுபவிக்கிறார்.

சட்டத்தின் துணை இந்நாட்டில் மெதுவாகவே வந்தது. அமெரிக்கா 2003இலும் சிங்கப்பூர் 2007இலும் குப்பை அஞ்சலுக்கெனத் தனிச் சட்டம் இயற்றியிருக்க, மலேசியா 1998ஆம் ஆண்டின் தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவையே நம்பியிருந்தது. 2024 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம், கேளாமல் அனுப்பப்படும் வணிகச் செய்திகளைத் தனியே குறிப்பிடுகிறது.

இன்றைய நிலை

முகவரித் தடையின் பயனைக் குறைத்தவை இரண்டு. முதலாவது, அஞ்சல் போக்குவரத்து கூகிள், மைக்ரோசாஃப்ட் போன்ற சில பெரு நிறுவனங்களின் வழியே குவிந்துவிட்டமை. அவர்களுடைய சேவையகம் ஒன்றிலிருந்து அதே மணி நேரத்தில் மருத்துவமனையின் சீட்டும் மோசடிக்காரனின் தூண்டிலும் புறப்படுகின்றன. அம்முகவரியைத் தடுக்கும் துணிவு எவருக்கும் இல்லை, தடுத்தால் தம் வாடிக்கையாளரே கொதித்தெழுவர். இதன் பலன் மிகவும் அநீதியானது: பெரியவர் வழியே வரும் குப்பை உள்ளே நுழைய, சிறியவர் வழியே வரும் நல்ல கடிதம் வாசலில் நிற்கிறது. இரண்டாவது, ஐபி முகவரிகளின் புதிய முறையான ஐபிவி6. பழைய முறையில் உலகம் முழுவதற்கும் முகவரிகள் 429 கோடியே. ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கான சேமிப்பு 2011 ஏப்ரலில் தன் கடைசித் தொகுதியை எட்டியது. புதிய முறையில் ஒரு வீட்டுக்கு வழக்கமாகக் கொடுக்கப்படும் மிகச் சிறிய தொகுதியிலேயே, பழைய உலகத்தின் முகவரிகள் அத்தனையையும் அவற்றாலேயே பெருக்கினால் வரும் தொகை அடங்கியிருக்கிறது. ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு புதிய முகவரி என்று ஆயுள் முழுதும் அனுப்பினாலும் அது தீராது. ஆகவே ஐபிவி6இல் தனி முகவரியைத் தடுப்பது வீண். அந்த 64 இருமஎண் தொகுதியை ஒரே ஆளாகக் கருதவேண்டும்.

இவ்விரண்டினாலும், அதிகாரம் படிப்படியாக முகவரியிலிருந்து களப்பெயருக்கு மாறிவருகிறது. எந்தச் சேவையகம் தன் பெயரால் அனுப்பலாம் என்று களப்பெயரின் உரிமையாளரே அறிவிக்கும் எஸ்.பி.எஃப்., கடிதத்துக்கு முத்திரையிடும் டி.கே.ஐ.எம்., இவ்விரண்டும் பொய்த்தால் என்ன செய்வதென்று கூறும் டி.எம்.ஏ.ஆர்.சி. ஆகிய மூன்றையும், நாளொன்றுக்கு 5,000க்கு மேல் அனுப்புவோரிடம் ஜிமெயில் 2024 பிப்ரவரி முதல் கட்டாயமாகக் கேட்கிறது. களப்பெயர் ஒருவருடையது; அதன் நற்பெயரும் அவருடையதே; சேவையகத்தை மாற்றினாலும் அது கூடவே வரும். நியாயத்துக்கு இது அணுக்கமான வழி என்பதில் ஐயமில்லை.

ஆயினும் முகவரித் தடையை அடியோடு கைவிடலாம் என்போர் அபிப்பிராயத்தை ஏற்பதற்கில்லை. பிறர்வசமான வீட்டுக் கணினிகள் இலட்சக்கணக்கில் நேராக அஞ்சல் அனுப்ப முயலும் கூட்டத்தைக் களப்பெயர்ச் சோதனைகளால் மட்டும் தாங்குவதற்குச் சிறு சேவையகங்களுக்கு வலுவில்லை. தமிழில் எழுதுவோர் கவனிக்கவேண்டிய மற்றொரு விசேஷமும் உண்டு. கடிதத்தைப் படித்து எடைபோடும் வடிகட்டிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தைக் கொண்டு பயின்றவை. யூனிகோடுக்கு முன்பு, முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் போன்ற மென்பொருள்களால் நம்மவர் எழுதிய தமிழ்க் கடிதம், எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற இலத்தீன் குறிகளாகத் தோன்றிற்று, அத்தகைய வடிகட்டி அதை என்னவென்று கொள்ளும்? முகவரியைப் பார்க்கும் சோதனைக்கு மொழி வேற்றுமை இல்லை; தமிழும் மலாயும் சீனமும் அதற்கு ஒன்றே. மேலும், வாசலில் மறுக்கப்பட்ட கடிதம் 550 என்ற எண்ணோடும் காரணத்தோடும் அனுப்பியவரிடம் திரும்புகிறது. உள்ளே வாங்கிக்கொண்டு குப்பைப் பெட்டியில் ஓசையின்றிப் போடப்படும் கடிதமோ, அனுப்பியவருக்கும் தெரியாமல் பெறுபவருக்கும் தெரியாமல் மறைந்தொழிகிறது. வெளிப்படையான மறுப்பே இவ்விரண்டில் மரியாதையானது.

எனவே ஐபி முகவரித் தடை, முதல் வாயிலின் காவலாக இன்றும் பிரயோஜனமுடையது. இறுதித் தீர்ப்பாக அதற்குத் தகுதியில்லை. தனி முகவரிக்கு, அல்லது ஐபிவி6இல் தனித் தொகுதிக்கு, சில நாட்கள் அளவில், காரணம் கூறி விதிக்கப்படும் தடை நியாயமானது. நாடு முழுவதையோ ஒரு சேவையாளரின் முகவரிகள் அனைத்தையுமோ கால வரம்பின்றி அடைப்பது அநியாயம். பி.பி.எல். போன்றவற்றை, பிற சேவையகங்கள் அஞ்சல் கொண்டுவரும் 25ஆம் வாயிலில் மட்டும் பொருத்துவதும், மற்றப் பட்டியல்களின் சொல்லைப் பல அளவுகோல்களுள் ஒன்றாக மட்டும் கொள்வதும் அனுபவசாலிகள் கையாளும் வழி. அனுப்பும் பக்கத்தில் உள்ள சிறு சேவையகத்தாரும் நிலையான முகவரி பெற்று, அதற்குப் பின்னோக்கிய பெயர்ப்பதிவைச் சேவையாளரிடம் கேட்டு வாங்கி, மேற்சொன்ன மூன்று களப்பெயர்ப் பதிவுகளையும் செய்துகொள்ள வேண்டும். முகவரியை வாடகைக்கு எடுக்கும் அன்றே அது எந்தப் பட்டியலிலாவது உண்டா என்று பார்த்துவிடுவது பின்னால் வரும் பல நாள் அலைச்சலைத் தவிர்க்கும்.

2008இல் வெளியான ஆர்.எஃப்.சி. 5321, அஞ்சல் பெறும் ஒவ்வொரு சேவையகமும் போஸ்ட்மாஸ்டர் என்ற பெயருக்கு வரும் கடிதங்களை ஏற்கவேண்டும் என்று விதிக்கிறது. தவறுதலாகத் தடைபட்டவர் முறையிடுவதற்கு எஞ்சியிருக்கும் வழி பல வேளைகளில் அந்த ஒரு பெட்டியே. முகவரித் தடை விதிக்கும் நிர்வாகிகள் அந்தப் பெட்டிக்கு மட்டுமாவது அத்தடையை விலக்கிவைத்து, அதில் வருவதை ஒரு மனிதர் நாள்தோறும் படிக்குமாறு ஏற்பாடு செய்யவேண்டும்.